பதினெட்டு கிலோ அவகாடோ

அவகாடோ நுரைக்காது. ஐம்பத்தேழு வயதுவரை இதை யோசித்துப் பார்க்கும் தேவை எனக்கு வந்ததில்லை. சனிக்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்கு, பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தின் சமையலறையில், நானே என் கையால் மசித்த பதினெட்டு கிலோ அவகாடோ அண்டாவின் விளிம்புவரை பொங்கி நுரைத்தபோதுதான் யோசித்தேன்.

மசித்த அவகாடோ கறுத்துப்போகாமலிருக்க எலுமிச்சைச் சாறு விட வேண்டும். விட்டேன். தாராளமாகவே விட்டேன். தலையைத் திருப்பாமல் வலப்பக்கம் கையை நீட்டியதும் அகப்பட்ட பாட்டில் மஞ்சளாக இருந்தது. மேலே எலுமிச்சம்பழப் படம் இருந்தது. திறந்தால் எலுமிச்சை வாசனையும் வந்தது. இதற்குமேல் ஒரு மனிதன் எதைத்தான் சோதிப்பான்? 'பாத்திரங்களின் பிசுக்கை ஒரே தேய்ப்பில் போக்கும்' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். பிறகு சொன்னார்கள்.

பன் அடுக்கிக்கொண்டிருந்த பல்தாசர்தான் முதலில் பார்த்தான். ஒட்டடைக்கம்பு உயரம், பொறியியல் மூன்றாம் ஆண்டு, தினமும் என் பேருந்தில் முன் சீட்டைப் பிடித்து உட்கார்ந்து வருகிறவன். அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது மூச்சு விடுது" என்றான்.

"நல்ல அவகாடோன்னா அப்படித்தான்டா இருக்கும்" என்றேன். அதற்குள் ஒரு பெரிய குமிழி மேலே வந்து, எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெடித்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படித்துவருகிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குத்தான் என் வலக்கண்ணின் கதை தெரியுமே. மூக்கோரத்தில் பொட்டாகத் தொடங்கிய சதை வளர்ந்து வளர்ந்து கருவிழியின் பாதிவரை ஏறிவிட்டது. வலப்பக்க உலகம் எனக்கு ஈயம் பூசிய பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி தெரிகிறது. அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது, கூப்பிடவில்லை. எங்கள் ஊரான வால்பரைசோவில் மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குத் துறைமுகத்திலிருந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வெள்ளைப் பேருந்தை ஓட்டுவது என் வேலை. அதனால் கண் விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. பனிமூட்டத்திலும் மழையிலும் சாப்பாட்டு மேசையிலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். வயதான காலத்தில் ஸ்டைல் முற்றிவிட்டது என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

போன வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மேலே ஏறும் கடைசி வளைவில், நிறுத்தத்தை ஒட்டி இருக்கும் மின்கம்பத்தில் உரசி, பேருந்தின் வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி உடைந்துபோனது. கம்பம் சாலைப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். யாரும் மறுக்கவில்லை. கம்பமும் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மகள் யஸ்னா இடது மணிக்கட்டில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

படிக்கட்டில் தடுக்கிவிட்டது என்றாள். எங்கள் ஊரில் படிக்கட்டில் தடுக்காதவர் யாருமில்லை என்பதால் நானும் நம்பினேன். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் பையிலிருந்து ஒரு தனியார் மருத்துவமனையின் உறை எட்டிப் பார்த்தது. 'ஓயார்சுன்' என்ற எங்கள் குடும்பப்பெயர். அதன்கீழே 'அறுவை சிகிச்சை'. என் நல்ல கண்ணுக்கு அவ்வளவுதான் அகப்பட்டது. அவள் பையை இழுத்து மூடிவிட்டாள். தடுக்கி விழுந்த கைக்கு எதற்கு அறுவை சிகிச்சை? முதலில் ஏன் விழுந்தாள்? தலைசுற்றலா? தலைக்குள் ஏதாவதா? அன்று இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு கண்ணால்தான், ஆனால் முழுக்க.

இதில் சனிக்கிழமை விற்பனை வேறு. யஸ்னா செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. மாணவர் தொண்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவின் பெயர் 'படிக்கட்டு'. வாரம் ஒருநாள் மலைமேல் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு சமையல் எரிவாயு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இருநூறு முந்நூறு படி ஏறுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளைச் சாக்குச் சாக்காகச் சேர்த்து விற்று, பிள்ளைகளின் வார்டுக்கு அனுப்புவார்கள். யாருக்காவது பெரிய வைத்தியச் செலவு வந்துவிட்டால் கொம்ப்ளெத்தோ விற்பார்கள். பன்னைப் பிளந்து, வெந்த சாசேஜை வைத்து, தக்காளியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதன்மேல் அவகாடோவைக் கூரை மாதிரி பூசி, மயோனைசால் கோடு இழுத்தால் கொம்ப்ளெத்தோ. அண்டா இரவல், அடுப்பு இரவல், கை எல்லாம் சொந்தம். சீட்டை முன்கூட்டியே விற்றுவிடுவார்கள். மாலைத் தேநீர் நேரத்துக்கு ஊரே சீட்டோடு வந்து நிற்கும்.

வழக்கமாகச் சுவரொட்டியில் யாருக்காக என்று பெயரும் படமும் இருக்கும். அந்த ஆள் கையில்தான் முதல் கொம்ப்ளெத்தோவைக் கொடுப்பார்கள். அதற்கப்புறம்தான் வரிசை நகரும். இந்த முறை சுவரொட்டியில் படம் இல்லை. 'ஒரு தோழருக்காக' என்று மட்டும் போட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் யஸ்னாவின் பையிலிருந்த உறைதான் நினைவுக்கு வந்தது. தன் பெயரைத் தானே எப்படிப் போட்டுக்கொள்வாள்?

அதனால்தான் அவகாடோ மசிக்க வலிய வந்து சேர்ந்தேன். கூடவே இருந்தால் யாராவது வாய்தவறிச் சொல்லுவார்கள் என்று கணக்கு.

பல்தாசர் ஓடிப்போய் யஸ்னாவைக் கூட்டிவந்தான். அவள் அண்டாவைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பாட்டிலை எடுத்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அதற்கு இரண்டு நகைச்சுவைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாட்டில் எந்தப் பக்கம் இருந்துச்சுப்பா?"

"வலப்பக்கம்."

"சாறு?"

"அதுவும் வலப்பக்கம்தான். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி நின்னுச்சு, நான் மூத்தவளக் கூப்பிட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடிவைத்தாள். சரி என்று ஒரே சொல் சொன்னாள். அந்தச் 'சரி'யில் நோயாளியின் சீட்டில் ஏதோ குறித்துக்கொள்வது மாதிரி ஒரு தொனி இருந்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தாள். நான் அந்தக் கையைக் காட்டி, வலி எப்படி என்று கேட்டேன்.

"அஞ்சு விரலும் இருக்கு. வேணும்னா எண்ணிக்கோங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் நேரான பதில் கிடைக்காது. குற்றம் என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து நான் எந்தக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எங்கே போயிருந்தீர்கள் என்றால் நிலாவுக்கு என்பேன். உடம்பு எப்படி என்றால் சின்ன ரிப்பேர் பார்த்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்பேன். மகள் அதைப் பார்த்தே வளர்ந்தாள். இன்றைக்கு எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள், வட்டியில்லாமல்.

அவகாடோ இல்லாமல் விற்றுவிடலாம் என்று பல்தாசர் மெதுவாகச் சொன்னான். சமையலறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் அவனை, பெற்ற தாயை விற்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவன் மறுபடி பன் அடுக்கப் போய்விட்டான்.

யஸ்னா கைபேசியை எடுத்தாள். சீட்டு வாங்கிய எல்லோருக்கும் ஒரு வரி போனது: வரும்போது ஆளுக்கொரு பழுத்த அவகாடோ கொண்டுவாருங்கள், காரணம் கேட்காதீர்கள். மலைமேல் பாதி வீடுகளில் கொல்லைமரம் உண்டு. மிச்சம் பேருக்குக் கடைத்தெரு உண்டு. வருவார்களா என்றுதான் தெரியாது. வராவிட்டால் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்த அறுவை சிகிச்சை யாருடையதோ, அது தள்ளிப்போகும்.

யாருடையதோ.

அண்டாவைப் பின்பக்கத் தொட்டியில் நானே கழுவினேன். இருக்கிற நுரைக்குச் சோப்பு தேவைப்படவில்லை.

இரண்டு மணிக்கு என் மனைவி நெல்தா வீட்டிலிருந்து பெரிய குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாசேஜ் வேகவைக்க. விஷயத்தை அதற்குள் கேள்விப்பட்டிருந்தாள். "வா கிழவா, தக்காளிப் பக்கம் வா. அதுல பொங்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

நான் கத்தியை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கரண்டியைக் கொடுத்தாள். நறுக்கிய தக்காளியைக் கிண்ணத்தில் வழித்துப் போடுவது மட்டும் என் வேலையாம். கிண்ணத்தை என் வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் வைத்தாள். கொதிக்கிற குண்டானைச் சுவரோரம் தள்ளினாள். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் தலைக்குள் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கேட்டும்விட்டேன். குரலைத் தாழ்த்தி, யஸ்னாவுக்கு என்ன, எனக்குத் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் எதை மறைக்கிறீர்கள் என்றேன். உறையைப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

நெல்தாவின் கத்தி நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்த வீட்டுல மறைக்கிறது யாருன்னு நல்லா யோசிச்சுட்டு வந்து கேளு" என்றாள். பிறகு பத்துத் தக்காளியை மளமளவென்று நறுக்கினாள். அவள் நறுக்கிய வேகத்தைப் பார்த்து, கேள்வியைத் தக்காளியோடு கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்து பல்தாசர். அவன் முன் சீட்டுக்காரன். வியாழக்கிழமை என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். மறைவாகக் கூட்டிப்போய், இந்த விற்பனை யாருக்கு என்று கேட்டேன். அவன் காது சிவந்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறானாம். சரி, யஸ்னா எங்கே எப்படி விழுந்தாள், அதையாவது சொல் என்றேன். அவன் கையில் இருந்த பன் பொட்டலம் கீழே விழுந்தது.

"மாமா, அதைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. ப்ளீஸ்."

குனிந்து பன் பொறுக்குகிற சாக்கில் அப்படியே மேசைக்கு அடியில் ஊர்ந்து அந்தப் பக்கமாக வெளியேறிவிட்டான். அவ்வளவு உயரமான பையன் அவ்வளவு சின்ன இடத்தில் நுழைந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இவனுக்கே இவ்வளவு பயம் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது? இருபத்தோரு வயசு. படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். தோளில் சிலிண்டர் தூக்கிக்கொண்டு படியேறுகிற பெண்.

நாலரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

வந்தார்கள், அவகாடோவோடு. ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் பழம். சிலர் பையில், சிலர் சட்டைப் பாக்கெட்டில், கணக்கியல் பேராசிரியை ஒருவர் தொப்பிக்குள். கல் மாதிரி காய், குழைந்து வழிகிற பழம், கொல்லைமரத்துக் குட்டிக் கறுப்புப் பழம் எல்லாம் வந்தன. வரிசை சாப்பாட்டுக்கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, என் பேருந்து நிற்கிற இடம்வரை போனது. நான் மேசையின் கோடியில் உட்கார்ந்து பழத்தை வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிளந்து, புதிதாக மசித்தேன். எலுமிச்சைச் சாற்றை நெல்தா தன் கையாலேயே விட்டாள். அந்தப் பாட்டிலை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

நாலாவது ஆளாக நின்றிருந்தவர் ஒக்தாவியோ. போக்குவரத்துப் பிரிவின் தலைவர், என் மேலதிகாரி. செய்தித்தாளில் சுற்றிய ஒரு அவகாடோவைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார். எட்டியே வணக்கம் சொன்னார். திங்கட்கிழமை முதல் நடைக்கு முன்னால் தன்னை வந்து பார்க்கச் சொன்னார், அந்தக் கண்ணாடி விஷயமாக. கம்பம் சாய்ந்திருக்கிறது என்றேன். அவர் மண்டையை ஆட்டினார். நம்பியவர் ஆட்டுகிற மாதிரி இல்லை. பேருந்துச் சாவி என் கால்சட்டைப் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு யஸ்னா ஒரு பன்னைப் பிளந்தாள்.

முதல் கொம்ப்ளெத்தோ. கட்டுப்போட்ட கையால் பன்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சாசேஜ், தக்காளி, அவகாடோ என்று அடுக்கினாள். மயோனைசைக் கோணல்மாணலாக இழுத்தாள். காகிதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். இப்போது தெரிந்துவிடும். அவள் அதைத் தானே கடித்தால்? அம்மாவிடம் கொடுத்து அழுதால்?

என் பக்கமாகத்தான் வந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். பிறகு என் பார்வையிலிருந்து போய்விட்டாள்.

வரிசையில் இருப்பவர்களில் யாருக்கோ கொண்டுபோகிறாள் என்று இடப்பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் கொம்ப்ளெத்தோ இல்லை. சிலர் புன்னகைத்தார்கள். சிலருடைய புன்னகை மெல்ல மெல்ல இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருகிட்டடா குடுத்தா?" என்று பல்தாசரைக் கேட்டுக்கொண்டே எழுந்தேன்.

என் வலது முழங்கையில் எதுவோ மெத்தென்று இடித்தது. காகிதம் சரசரத்தது. அடுத்த நொடி என் செருப்பின்மேல் சூடாக, வழவழவென்று ஏதோ விழுந்தது.

குனிந்து, தலையை முழுக்கத் திருப்பி, இடக்கண்ணால் பார்த்தேன். பன் ஒரு பக்கம். சாசேஜ் ஒரு பக்கம். அவகாடோ என் காலுறைமேல்.

"மாமா" என்றான் பல்தாசர். என் காலைக் காட்டினான். "அது உங்களுக்கு வச்சது. அப்பவே வச்சாச்சு. உங்க கைகிட்டயே."

டயட்டில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கதோஷம். யாரும் சிரிக்கிற முகத்தில் இல்லை. நெல்தா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த உறை, பெயர் தெரியாத ஓயார்சுன், இடப்பக்கம் நகர்ந்த கிண்ணம், கையிலிருந்து பிடுங்கிய கத்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என்முன் வரிசையில் நின்றன, ஆளுக்கொரு பழத்தோடு.

அப்போ யஸ்னாவுக்கு நோய் எதுவும் இல்லை. அந்த நினைப்பில் கண்ணில் நீர் முட்டியது. கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, இருநூறு பேர் எதிரில் என் கண் வெளியே வந்தது. யாரும் திடுக்கிடவில்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள்போல அமைதியாக இருந்தார்கள்.

நோய் இல்லை என்றால், படியில் ஏன் விழுந்தாள்? என் மனம் மறுபடி அந்த மணிக்கட்டுக்கே போய் நின்றது. முன் சீட்டுப் பையன் எதற்காக மேசைக்கு அடியில் ஊர்ந்தான்?

ஒக்தாவியோ மூன்றடி தள்ளி நின்றிருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"யஸ்னா, உன் கை என்னாச்சு?"

அவள் உதடு ஒரு நொடி வளைந்தது. அஞ்சு விரல் பதில்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். அது வரவில்லை. தரையில் கிடந்த பன்னைப் பார்த்தாள். பிறகு என் கண்ணை, அந்த வலக்கண்ணை நேராகப் பார்த்தாள்.

"படிக்கட்டுல தடுக்கலப்பா. வியாழக்கிழமை அந்தக் கம்பத்துகிட்ட நான்தான் நின்னுட்டிருந்தேன். பஸ் வளைவுல திரும்பினப்பவே உங்களுக்குக் கை காட்டினேன். பக்கத்துல வந்துட்டீங்க, அப்பவும் காட்டினேன். கண்ணாடி என் தோளை உரசினப்போ சுவத்துப் பக்கம் குதிச்சுக் கைமேல விழுந்தேன். நீங்க என்னைப் பாக்கவே இல்ல."